கண் திறவாதவரின் செவி



மாரியில் வாழைச்சேனைப் பக்கத்து வயல் வட்டைகளுக்குக் காவலுக்குப் போகிறவர்கள் வாடித் தரையில் பாயை விரித்துப் படுத்துவிடுவார்கள். எண்ணெய் விரியன் பாம்பு தீண்டுவது பெரும்பாலும் அந்த உறக்கத்தில்தான். கடிவாயில் வலியும் வீக்கமும் பெரிதாக இராது. கடிபட்டவர் விடியப்புறம் வயிற்றுவலி என்று எழும்புவார். கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும். அந்த நேரத்தில் மந்திரம் ஓதிப் பார்வை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

வைத்தியசாலையில் கண்காணிப்பு, செயற்கைச் சுவாச மெசினுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வார்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள். சற்றுமுன் 25 வரை எண்ணியவர் இப்போது 12இல் நின்றுவிட்டால், மூச்சுத் தசைகள் சோர்கின்றன என்று பொருள். விரலில் மாட்டிய கருவி அப்போதும் ஒட்சிசன் 97 என்று காட்டக்கூடும். அந்த எண் விழும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். அதற்குள் தொண்டை வழியே குழாயை இறக்கி, செயற்கைச் சுவாசம் கொடுத்துவிட வேண்டும்.

“விஷமுறிவு மருந்து ஏத்தின பிறகும் ஏன் மெசினில வச்சிருக்காங்க?” என்று உறவினர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் விஷத்தைத்தான் அந்த மருந்து பிடிக்கும். விஷம் ஏற்கெனவே சிதைத்த நரம்பு நுனிகள் தாமாகவே துளிர்க்க வேண்டும். அதற்கு நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். அதுவரை மூச்சை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். 1952இல் கோப்பன்ஹேகனில் போலியோ பரவியபோது, சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து உட்கார்ந்து, இரப்பர்ப் பையைக் கையால் அமுக்கியே நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். அந்தக் கைகளின் வேலையைத்தான் இன்று மெசின் செய்கிறது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் கண்களின் வேலையை அதனால் செய்ய முடியாது.

மெசின் கூவினால் தாதி முதலில் பார்ப்பது திரையை அல்ல, நோயாளியின் நெஞ்சை. இரு பக்கமும் ஒரேபோல் உயர்கிறதா? அழுத்தம் கூடியிருந்தால் சளி அடைத்திருக்கலாம், குழாய் மடிந்திருக்கலாம். குறைந்திருந்தால் எங்கோ கழன்றிருக்கலாம். காரணம் உடனே பிடிபடாவிட்டால் மெசினைக் கழற்றிவிட்டு, பையை அமுக்கிக் கையாலேயே மூச்சுக் கொடுப்பார்கள். கோளாறைத் தேடுவது அதற்குப் பிறகுதான்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எண்ணெய் விரியன் தீண்டியவரின் இமை திறக்காது, விரல் அசையாது, சிலருக்கு வெளிச்சம் அடித்தாலும் கண்மணி சுருங்காது. மூளை செத்தவரைப் போலவே கிடப்பார். ஆனால் பலருக்கு நினைவு இருக்கும், காது கேட்கும். மயக்க மருந்து போதாமல் போனால் வலியும் பயமும் முழுசாகத் தெரியும். காரணமில்லாமல் நாடி ஏறினால், வியர்த்தால், மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தால், அது அவர் பேசும் பேச்சு. நல்ல தாதி அதையும் குறித்துக்கொள்வார்.

அந்தக் கட்டிலருகில் நின்று “இனித் தப்பாது” என்று யாரும் அழ வேண்டாம். பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஆஸ்பத்திரி, தொண்டையில் ஏன் குழாய் இருக்கிறது என்று சொல்லுங்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போனதையும், வட்டையில் வெள்ளம் வடிந்ததையும் சொல்லுங்கள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கேக்குதெண்டா விரலை ஆட்டுங்க” என்று கேளுங்கள். இன்று ஆடாவிட்டால் நாளைக்கும் கேளுங்கள்.