காற்றும் குடியிருப்பும்

தில்லியில் வீடு தேடுவோர் முன்பெல்லாம் வாடகை, பஸ் வசதி, குடிநீர் ஆகிய மூன்றையே விசாரிப்பது வழக்கம். இன்றோ, "அங்கே காற்று எப்படி?" என்ற நான்காவது கேள்வியும் எழுகிறது.

இக்கேள்வி காரணமின்றிப் பிறந்ததன்று. பதர்பூர் அனல் மின்நிலையம் 1973-ஆம் ஆண்டு முதல் 2018 அக்டோபர் வரை நிலக்கரியை எரித்து வந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அபாயகரமான 168 தொழிற்சாலைகள் தலைநகரை விட்டு அகல வேண்டுமெனக் கட்டளையிட்டது. ஆலை அகன்றால் அயலார்க்கு ஆறுதல். அதில் உழைத்தவன் பிழைப்புக்கு என் செய்வான்? ஆலையருகே குடியிருப்பவனுக்குப் புகையின் தீமை தெரியாமலில்லை. பஸ் கட்டணமும் வாடகையும் அவனை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. விருப்பம் என்று நாம் சொல்வது பல வேளைகளில் வருமானத்தையே பொறுத்தது.

வசதியுடையோர் மரமடர்ந்த பகுதிகளை நாடுகின்றனர். அரசாங்கக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தபோது நானும் ராமகிருஷ்ணபுரத்தையே முதலில் எழுதினேன். ஆயினும் குளிர்காலத்தில், மேலே வெப்பக் காற்று மூடிபோற் கவிந்துகொள்ள, கீழேயுள்ள புகை கலைய வழியின்றித் தங்குகிறது. வாகனப் புகையும், அண்டை மாநிலங்களில் அறுவடைக்குப்பின் நெற்றாளை எரிக்கும் புகையும் அதனுடன் சேர்கின்றன. அந்நாட்களில் என் மகள் இங்கும் இருமுகிறாள்.

ஆகவே, வீடு மாறுவதால் மட்டும் இத்துன்பம் தீராது. புகையை அது பிறக்குமிடத்திலேயே தடுத்தல் வேண்டும். ஆலையை அகற்ற நேரின், புதிய இடத்தில் தொழிலாளிக்கு வேலையோடு வீடும் அமைத்துத் தருதல் வேண்டும்.