யாவாரத்துக்கு எது முதல்?

நான் தியாகதுருகத்துக்காரன். எங்க பக்கம் வியாபாரத்தை ‘யாவாரம்’னுதான் சொல்லுவோம்.

‘வியாபாரம்னாலே லாபம், அதுக்குச் சாமர்த்தியம்தான் வேணும்’ என்றார் எதிரணி நண்பர். அய்யா, அது வடசொல். அதற்கு அடிப்படைப் பொருள் லாபம் இல்லீங்க, செயல், முயற்சி! (கைதட்டல்)

சரி, வாணிகம்? வாணிகம் செய்வோருக்கு வள்ளுவர் சொன்ன புத்தி 120-ஆம் குறள். பிறர் பொருளையும் தன் பொருள்போல நினைக்கணுமாம். அதைப் பொருட்பாலிலா வைத்தார்? அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார்!

சின்ன வயசில் அப்பா கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெரியவர் புளி கொண்டுவந்தார். எடையில் அரைக் கிலோ குறைச்சு எழுதிட்டேன். பெருமையாகச் சொன்னேன். அப்பா திட்டலை. சட்டையை மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். பஸ் போயிடுச்சு. அடுத்த வாரம் அந்தப் பெரியவர் வேறு கடைக்குப் போனார். அப்பா அங்கேயே போய்க் காசைக் கொடுத்தார். வாங்கிக்கிட்டார்; ஆனா எங்க கடைக்கு மறுபடி வரவே இல்லை.

காசுக்கும் நாணயம்னு பேரு, நேர்மைக்கும் நாணயம்னுதான் பேரு. அரைக் கிலோ புளியில் ஒண்ணைச் சம்பாதிச்சு, இன்னொண்ணைத் தொலைச்சவன் நான். யாவாரத்துக்கு முதல், நாணயமே என்று கூறி அமர்கிறேன்.