மன்னார்க் காற்றைத் தேடி வருவோர்

இன்றைய பயணம் மன்னார்த் தீவுக்கு. மன்னார் என்றதும் சிலருக்குத் திருக்கேதீச்சரம் நினைவுக்கு வரும், சிலருக்கு மடு மாதா. பேசாலைக் கருவாட்டையும், பள்ளிமுனைப் பெருக்கமரத்தையும், தெருவில் சாவகாசமாகப் படுத்திருக்கும் கழுதைகளையும் சொல்பவர்களும் உண்டு. ஆனால் இந்தத் தீவின் காற்றுக்காகவே கடல் தாண்டி வருகிற ஒரு கூட்டம் இருக்கிறது. காலில் ஒரு பலகை, வானில் ஒரு பட்டம். அந்தப் பட்டம் இழுக்கும் விசையில் கடல்மேல் சறுக்கிப் போகிறவர்கள். கைட் சேர்ஃபிங் என்று அந்த விளையாட்டுக்குப் பெயர். அவர்கள் வரும் வழியாகவே நாமும் போவோம்.

கொழும்பில் இருந்து மன்னார் முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். கொழும்புக் கோட்டையில் இருந்து தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதையும் உண்டு. 1990இல் போரினால் நின்றுபோன அந்தப் பாதை, 2015ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி தலைமன்னார் வரை மீண்டும் திறக்கப்பட்டது. வீதியால் போகிறவர்கள் மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் காடும் குளமும் வயலுமாகப் பாதை நீளும். பெருநிலம் முடிந்து தாம்போதி தொடங்கும் இடத்தில் காற்றின் முதல் அறை முகத்தில் விழும். மோட்டார் சைக்கிளில் போகிறவர் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

தாம்போதிக்கு இருபுறமும் ஆழமில்லாத நீர்ப்பரப்பு. மாரிகாலத்தில் வந்தால் வங்காலைப் பக்கம் பூநாரைகள் கூட்டமாக நின்று மேய்வதைப் பார்க்கலாம். வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2010இல் திறந்த புதிய பாலத்தைத் தாண்டியதும், 1560இல் போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் திருத்தியமைத்த கோட்டை. அதோடு தீவு தொடங்கிவிடுகிறது.

தீவுக்குள் போகப் போகத் தென்கரைப் பக்கம் வெள்ளை நிறத்தில் நெடிய கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். தம்பபவனி காற்றாலைகள். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட இந்த நிலையத்தில் 30 விசையாழிகள், மொத்தம் 103.5 மெகாவாற் திறன். மின்சாரம் எடுப்பவர்களும் பட்டம் ஏற்றுபவர்களும் ஒரே இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான். தென்னிந்திய மலைகளுக்கும் நமது மத்திய மலைநாட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளிக்குள் நெருக்குண்டு வேகமெடுத்து மன்னார் வளைகுடா வழியாக வருகிறது. வந்து சேரும் இடமோ குன்று இல்லாத, கட்டடம் உயராத தட்டை நிலம். பனைகளும் உடைமரங்களும்தான் எதிரே நிற்பவை. மழையை மலைநாடும் தென்மேற்கும் வாங்கிக்கொள்கின்றன. மன்னாருக்கு வருவது வெறுங்காற்று. கொழும்பில் குடை விரிகிற ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே வெயில் காய்கிறது, காற்று நாள் முழுக்க வீசுகிறது.

கடற்றொழிலாளர் இந்தக் காற்றுகளைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது சோளகம். மழை ஓய்ந்து டிசம்பர் நடுவில் இருந்து மார்ச் வரை நிற்பது வாடை. பட்டக்காரர்களுக்கும் இவை இரண்டுமே பருவங்கள். சோளகம் வலியது, நாள்கணக்கில் ஓயாதது. வாடை சற்று மெல்லியது.

இனி இந்தத் தீவின் இருப்பைக் கொஞ்சம் மனக்கண்ணில் வரைந்துகொள்ளுங்கள். தென்கிழக்கில் மன்னார் நகரம், வடமேற்கில் தலைமன்னார். நடுவில் ஒடுக்கமாக நீண்டு கிடக்கிறது நிலம். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்கு நீரிணை. சோளகம் வீசும்போது தென்கரையில் அலை புரண்டு அடிக்கும், அதே நேரத்தில் வடகரையில் தண்ணீர் தட்டைப் பலகைபோல் கிடக்கும். வாடை எழுந்தால் எல்லாம் தலைகீழ். அலை வேண்டியவருக்கு ஒரு பக்கம், அமைதி வேண்டியவருக்கு மறுபக்கம். வேறு கடற்கரைகளில் இந்த இரண்டையும் ஒரே நாளில் பெறுவது லேசான காரியமில்லை.

தலைமன்னாருக்கு வந்துவிட்டோம். பழைய இறங்குதுறையும் வெளிச்சவீடும் இங்கேதான். 1914இல் இருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடிய துறை இது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு, எண்பதுகளின் தொடக்கம் வரை இராமேஸ்வரத்துக்கு ஓடியது. போர்க்காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நம்மவர்கள் படகேறிய கடலும் இதுவே. தீவின் மேற்கு முனையில் இருந்து இராமர் அணையின் மணல் தீடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனுஷ்கோடியை நோக்கிப் போகின்றன. நடுவில் சர்வதேச எல்லைக் கோடு ஓடுகிறது. இங்குள்ள தீடைகள் 2015 முதல் தேசியப் பூங்கா. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அங்கே போக நினைக்கக்கூடாது.

மேற்கு முனையின் மணலில் ஒரு பிற்பகலைக் கழிப்போம். காற்று நன்றாக ஏறியிருக்கிறது. ஐந்தாறு பட்டங்கள் மணலில் கவிழ்ந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றின் மேலும் ஒரு குவியல் மணல். பறந்துவிடாமல் இருக்க அந்தப் பாரம். பட்டத்தின் முன்விளிம்பு காற்று நிரப்பும் ஒரு குழாய். சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல் பம்பினால் ஊதி இறுக்குகிறார்கள். அப்படி ஊதிய பட்டம் நீரில் விழுந்தாலும் மிதக்கும், திரும்ப எழும்பும். 1984இல் பிரான்சின் லெகென்யூ சகோதரர்கள் இந்த வடிவமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். இந்த விளையாட்டு பின்னாளில் உலகமெங்கும் பரவ அதுவே வழி திறந்தது. காற்று வலுத்தால் 7 சதுர மீற்றர்ப் பட்டம், தளர்ந்தால் 12. பட்டத்தில் இருந்து ஆளின் கைப்பிடி வரை இருபது மீற்றருக்கு மேல் நீளும் நான்கு கயிறுகள். இடுப்பில் ஒரு வார்க்கச்சை, அதன் கொளுக்கியில்தான் பட்டத்தின் முழு இழுவையும் தொங்கும்.

இப்போது பாருங்கள். ஒருவர் கச்சையை மாட்டி, ஆபத்தில் பட்டத்தைக் கழற்றிவிடும் விசையை ஒருமுறை சரிபார்க்கிறார். இன்னொருவர் பட்டத்தைக் குத்தாக நிமிர்த்தி, முன்குழாயை இரு கைகளாலும் பிடித்து நிற்கிறார். முதலாமவர் கயிறு இறுகும் வரை பின்னால் நடக்கிறார். கயிறு சிக்கியிருக்கிறதா என்று இருவரும் பார்க்கிறார்கள். பேச்சு எடுபடாது, காற்று வாயை அடைத்துவிடும். கட்டைவிரல் உயர்கிறது. பிடித்திருந்தவர் பட்டத்தைத் தூக்கி எறிவதில்லை, கையை மட்டும் விடுகிறார். அது தானாக ஏறுகிறது. திரும்பி வருபவர் தம் தலையை ஒரு கையால் தட்டிக் காட்டுவார். "என் பட்டத்தை இறக்குங்கள்" என்று அதற்கு அர்த்தம். அருகில் நிற்பவர் யாரானாலும், பெயர் தெரியாவிட்டாலும், எந்த நாட்டவரானாலும், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். அந்தச் சைகையைக் கண்டும் காணாதவர்போல் இருப்பது இந்தக் கூட்டத்தில் பெரிய மரியாதைக்கேடு.

தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பெரிய கொக்குப் பட்டத்தை ஒருவர் ஏந்திப் பிடிக்க, ஒருவர் நூலோடு நிற்க, சுற்றி நின்று நாலுபேர் யோசனை சொல்வார்கள். இங்கே நூலின் மறுநுனியில் ஓர் ஆளே தொங்குகிறார். பழகியவர்கள் தனியே ஏற்றி இறக்கும் உபாயமும் உண்டு, ஆனால் அதில் அடிபட்டவர்கள் அதிகம். தூரத்தில் நின்று பார்த்தால் ஒற்றை ஆளின் சாகசம். கிட்டப் போனால் அடுத்தவர் கை இல்லாமல் பத்திரமாகத் தொடங்கவும் முடியாது, முடிக்கவும் முடியாது. இந்த ஆட்கள் ஏன் கூட்டமாகவே பயணம் போகிறார்கள் என்பது அங்கே விளங்கும்.

காற்றுப்போக்கிலேயே கரையோரமாகச் சறுக்கிக்கொண்டு போவதும் அவர்களுக்குப் பிடித்த பயணம். முன்னே தேர்ந்தவர், பின்னே பழகுபவர், கடைசியில் ஒரு துணைப்படகு. நிலத்தில் இருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் வேளையில் படகில்லாமல் இறங்குவது அறிவீனம். பட்டம் பழுதானால் ஆள் கரைக்கு வரமாட்டார், பாக்கு நீரிணைக்குள் போய்க்கொண்டே இருப்பார். கற்பிட்டி வாவியில் பழகியவர்கள் சிலர் கூடி, வாகனத்திலும் படகிலுமாகப் பலநாள் பயணமாக மன்னாருக்கு வருவதும் உண்டு. ஆளுக்கு ஆள் உதிரிப்பாகம் கைமாறும். இரவில் கிழிந்த பட்டத்தை ஒட்டுவார்கள். நாளைய காற்றைப் பற்றித் தர்க்கம் நடக்கும்.

இப்படிப்பட்ட கூட்டங்கள் கடலுக்கு மட்டும் உரியவை அல்ல. அல்ப்ஸ் மலைப் பக்கம் பனியில் பலகை மிதிப்பவர்களில் ஒரு சிறுபான்மை இருக்கிறது. மற்றவர்கள் மெத்தென்ற சப்பாத்து அணிய, இவர்கள் கெட்டியான பிளாஸ்டிக் சப்பாத்தைப் பூட்டி, ஒடுக்கமான நீண்ட பலகையின் விளிம்பைப் பனியில் ஆழ அழுத்தி வளைவு வளைவாக இறங்குவார்கள். ஒலிம்பிக்கில் இருவர் இருவராகப் பக்கம் பக்கமாகச் சீறி வரும் போட்டி அவர்களுடையது. சாதாரணக் கடையில் அவர்களுக்கான சாமான் கிடைப்பது அரிது. அதனால் ஏதாவது ஒரு மலையில் ஒன்றுகூடி, ஒருவர் பலகையை மற்றவர் ஓட்டிப் பார்த்து, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துப் பிரிவார்கள். விளிம்பை அழுத்தித் திசை பிடிக்கும் வித்தை பனியிலும் நீரிலும் ஒன்றே. 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பட்டப் பலகை ஓட்டம் சேர்க்கப்பட்டபோது, மார்செய் கடலில் ஆண்கள் தங்கத்தை வென்றவர் வலன்டின் பொன்டுஸ். கடற்கரையே இல்லாத ஒஸ்திரியா நாட்டுக்காரர்!

நேயர்களே, இந்தக் காற்றை விருந்தினர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே கணக்கெடுத்து வைத்திருப்பவர்கள் மன்னார்க் கடற்றொழிலாளர்கள். சோளகத்தில் தென்கரை கொந்தளித்தால் வடகடலில் தொழில் செய்வார்கள், வாடையில் தென்கரைக்கு மாறுவார்கள். வலையையும் படகையும் தூக்கிக்கொண்டு போய் அங்கே வாடி போட்டுத் தங்குவார்கள். காற்றுக்கு மறைவான தண்ணீரைத் தேடுவது அவர்கள் பிழைப்பு. பட்டக்காரர்கள் தேடுவதும் அதே தட்டை நீரைத்தான். ஆகவே இரு தரப்பும் ஒரே தண்ணீரில் சந்திப்பது தவிர்க்க முடியாதது. கரைவலை இழுக்கும் நேரத்தில் நடுவே பாய்ந்து போனால் ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோறு போய்விடும். இழுவைப்படகுகளால் ஏற்கெனவே வலை இழந்து நொந்திருப்பவர்கள் அவர்கள். 2025இல் தீவில் மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடியதையும் நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் காற்றையும் மணலையும் பற்றி எங்களைக் கேளாமல் முடிவெடுக்காதீர்கள் என்பது அந்தக் கோபத்தின் சாரம். அந்தக் கேள்வி உல்லாசப் பயணத்துக்கும் பொருந்தும்.

மனிதர் மட்டுமில்லை. தீடைகளில் ஆலாப் பறவைகள் சோளகக் காலத்திலேயே முட்டையிடுகின்றன. மணலில் ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான் கூடு. தலைக்கு மேல் பட்டத்தின் நிழல் விழுந்தால் பருந்து என்று எண்ணித் தாய்ப்பறவை எழுந்துவிடும். முட்டை வெயிலில் வெந்துபோகும். பூநாரை மேயும் நீர்ப்பரப்புக்கும் பட்டம் ஆகாது. நல்ல குழுக்கள் இந்த எல்லைகளை அறிந்து நடக்கின்றன. அறியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உள்ளூர்ப் பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்? கற்பிட்டியில் கடற்றொழில் குடும்பத்து இளைஞர்கள் பயிற்சியாளர்களாகி, வெளிநாட்டவருக்கே பாடம் எடுக்கிறார்கள். தலைமன்னாரிலும் பேசாலையிலும் நீச்சலும் நீரோட்டமும் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பயிற்சிக்கு வழி செய்தால் போதும்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். பலமான காற்றுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை, பறவைகளோடு சேர்த்துப் பார்க்க ஜனவரி, பெப்ரவரி. தலைமன்னாரில் கைட் சேர்ஃபிங்குக்கென்றே தங்குமிடம் உண்டு, மன்னார் நகரில் விடுதிகள் பல. புதியவர்கள் பயிற்சியாளர் இல்லாமல் கயிற்றைத் தொடவே வேண்டாம். தொப்பி பறந்துவிடும், தலையில் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். பேசாலையில் நண்டுக் கறியோடு சோறு சாப்பிடாமல் திரும்ப வேண்டாம்.

கடலில் இறங்க மனமில்லாதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. கரையில் சும்மா நிற்காமல், யாரேனும் தண்ணீரில் நின்று தலையைத் தட்டிக் காட்டினால் ஓடிப்போய் அந்தப் பட்டத்தைப் பிடியுங்கள். எப்படிப் பிடிப்பது என்பதை அங்கே நிற்பவர்கள் காட்டித் தருவார்கள். அவர்களோடு அறிமுகமாக அதைவிட நல்ல வழி இல்லை.