நாற்றம் என்னும் சொல்லும் முடைநீக்கிப் புட்டியும்

(குமாரபாளையத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



காவிரியின் அக்கரையில் பவானி, இக்கரையில் குமாரபாளையம். விடியுமுன்பே விசைத்தறியின் ஓசை தெருவெல்லாம் கேட்கும் ஊர் இது. தறிக்கூடத்தின் புழுக்கத்தில் நாள் முழுதும் நின்றவர்களின் வியர்வையால் வளர்ந்த ஊர். அந்த வியர்வையை இழிவென்று எவரும் இங்கே எண்ணியதில்லை. அத்தகைய ஊரிலேயே இன்று எட்டு அகவைப் பிள்ளை, பள்ளிக்குப் புறப்படுமுன் அக்குளில் 'பாடி சுப்பிரே' அடித்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிக்கின்றது. ஏன் என்று தாய் கேட்டால், "இல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்" என்று விடை வருகின்றது. எட்டு அகவையில் தன் உடம்பைக் கண்டே நாணுகின்ற பிள்ளையை உருவாக்கியவர் யார்? இதுவே இன்றைய கேள்வி.

முதலில் சொல்லைப் பார்த்தல் வேண்டும். 'டியோடரண்ட்' என்று கடைக்காரன் விற்பதைத் தமிழில் முடைநீக்கி எனலாம். முடை என்பது தீய நாற்றம். ஆனால் நாற்றம் என்னும் சொல் தீயதன்று. மூக்கு உணரும் மணம் அனைத்திற்கும் அதுவே பொதுப்பெயர். திருவள்ளுவர் 27ஆம் குறளில் ஐம்புல உணர்வுகளை எண்ணுமிடத்தில் நாற்றத்தையும் ஒன்றாக எண்ணுகின்றார். 1274ஆம் குறளிலோ மலரும் முன் மொட்டுக்குள் அடங்கிக்கிடக்கும் நறுமணத்தையே நாற்றம் என்று குறிக்கின்றார். அச் சொல்லை இன்று ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளையைப் பழிக்க எடுத்து வீசுகின்றது. சொல் தாழ்ந்ததோடு நிற்கவில்லை. அச் சொல்லுக்கு அஞ்சி உடம்பும் தாழ்ந்துவிட்டது.

இனி, உடம்பின் உண்மையைக் கூற வேண்டும். மாந்தர்க்கு வியர்வைச் சுரப்பிகள் இரு வகை. ஒரு வகை, பிறந்த நாள்தொட்டு உடல் முழுதும் வேலை செய்வது. அதில் வருவது பெரும்பாலும் நீரும் உப்புமே. அதற்குத் தனி முடை ஏதும் இல்லை. மற்றொரு வகை, அக்குள் முதலிய சில இடங்களில் மட்டும் இருப்பது. அது பிள்ளைமையில் உறங்கிக் கிடந்து, பூப்புப் பருவம் நெருங்குகையில்தான் விழித்தெழும். அதன் கொழுப்புக் கலந்த சுரப்பைத் தோலின்மேல் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது பிறப்பதே அக்குள் முடை. ஆதலின் ஆறு, ஏழு அகவைப் பிள்ளைக்குப் பெரியவர்க்குரிய முடை இயல்பாக இருப்பதில்லை. பெண்பிள்ளைக்கு எட்டு அகவைக்கு முன்பும், ஆண்பிள்ளைக்கு ஒன்பதுக்கு முன்பும் அவ்வாறு வீசுமானால், அதை மணத்தால் மூடிவிடாமல் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். பருவ மாற்றம் முந்துவதன் அடையாளமாகவும் அஃது இருக்கலாம்.

பின் சிறுபிள்ளையின் சட்டை நாறுவது ஏன்? விளையாடி நனைந்த சட்டையை மறுநாளும் மாட்டுவதால் நாறும். பருத்தித் துணியைவிடப் பாலியெசுட்டர் துணியில் வியர்வை முடை மிகுதியாகத் தங்கும் என்பது ஆய்வில் கண்ட உண்மை. நூலும் துணியுமே வாழ்வாகக் கொண்ட ஊரின் பிள்ளைகள், ஆங்கில வழிப் பள்ளியின் செயற்கை இழைச் சீருடைக்குள் காலுறையும் கழுத்துப் பட்டையுமாக வெந்து வருகின்றனர். வந்த பின் வெப்பத்தின் பழியைத் தம் தோலின்மேல் ஏற்றுக்கொள்கின்றனர்!

இந்த நாணம் தானே முளைத்ததன்று. முடைநீக்கிக் களிம்பு 1888இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விலைக்கு வந்தது. பின்னர் 'ஓடோரோனோ' என்றொரு வியர்வையடக்கி வந்தது. அதை விற்க முனைந்தவர்கள் வீடுதோறும் சென்று உசாவியபோது, பெண்டிருள் மூன்றில் இருவர் தமக்கு அது தேவையே இல்லை என்றனர். தேவை இல்லாதவர்க்குத் தேவையை உண்டாக்குவது எப்படி? 1919இல் பெண்டிர் இதழ் ஒன்றில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. உன் உடம்பு நாறுவது உனக்குத் தெரியாது, பிறர் உன் முன் கூறமாட்டார், உன்னைவிட்டு ஒதுங்குவார் என்பதே அதன் கருத்து. சினங்கொண்டு ஏறத்தாழ 200 பேர் அவ் விதழையே நிறுத்தினர். விற்பனையோ அடுத்த ஆண்டில் இரு மடங்குக்கும் மேலாயிற்று! அச்சத்தை முதலாகப் போட்டு ஊதியம் எடுக்கும் அந்த வணிகந்தான் நூறாண்டு கழித்துக் குமாரபாளையத்துப் பெட்டிக்கடையில் தொங்குகின்றது. அன்று குறி பெண்டிர், இன்று பிள்ளைகள். இங்குக் காட்டப்பெறும் விளம்பரங்களின் தரமோ பேசும் தரத்ததன்று. 2022 சூன் திங்களில் அவற்றுள் ஒன்றை நீக்குமாறு நடுவண் அரசே ஆணையிட நேர்ந்தது.

முடைநீக்கியிலுள்ள அலுமினிய உப்பு புற்றுநோயைத் தரும் என்றொரு பேச்சு பரவியுள்ளது. அது மெய்ப்பிக்கப்படவில்லை. நல்ல வழக்குக்குப் பொய்ச்சான்று தேவையில்லை. மெய்யான தீங்குகளே போதும். தெளிப்பான் புட்டிக்குள் அடைத்திருப்பது எளிதில் தீப்பற்றும் வளி. அடுப்பருகில் அடித்தால் தீ பாயும். மூடிய அறையில் மிகுதியாக அடித்து உள்ளிழுத்த இளையோர் வெளிநாடுகளில் உயிரிழந்துள்ளனர். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அம் மணமே இரைப்பைக் கிளப்பலாம். பிஞ்சுத் தோலில் எரிச்சலும் தடிப்பும் தோன்றலாம்.

இவ் வெச்சரிக்கைகள் புட்டியில் இல்லையா? உள. ஆங்கிலத்தில் உள! அடைத்து விற்கும் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், பொருளின்மேல் இருக்க வேண்டிய செய்திகள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும் என்கின்றன. பிற மொழிகளில் எழுதுவது விற்பவன் விருப்பம். தறி ஓட்டும் தாய் எந்த மொழியில் படிப்பாள் என்பது அவ் விதிக்கு ஒரு பொருட்டன்று. பிள்ளையின் அக்குளுக்குள் போகும் பொருள், தாயின் மொழிக்குள் வர வேண்டியதில்லையாம்!

சாயப்பட்டறைக் கழிவு காவிரியில் கலப்பதை இவ்வூரார் அறிவர். இசைவின்றி இயங்கிய பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் பலமுறை இடித்திருக்கின்றனர். இடித்த இடங்களில் மீண்டும் எழுந்ததும் உண்டு. ஆறு நாறுவதற்கு நாணாதவர்கள், அவ்வாற்றங்கரையில் விளையாடி வியர்த்து வந்த பிள்ளை நாணுவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

வீட்டில் செய்யத்தக்கவை எளியன. விளையாடி வந்ததும் குளிக்கச் செய்தல். அக்குளையும் கால்விரல் இடுக்கையும் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்தல். பாசிப்பயற்று மாவாயினும் சரி, சோப்பு எனப்படும் வழலையாயினும் சரி, அழுக்குப் போனால் போதும். நனைந்த சட்டையை அன்றே துவைத்து வெயிலில் உலர்த்துதல். வீட்டில் பருத்தி உடுத்தல். பள்ளிச் சீருடையும் பருத்தியில் வேண்டுமென்று பெற்றோர் கூடிக் கேட்டல். பதினொன்று, பன்னிரண்டு அகவையில் பருவம் தொடங்கி, நாள்தோறும் குளித்தும் முடை நீங்கவில்லையாயின், மணம் சேர்க்காத முடைநீக்கி ஒன்றைச் சிறிதளவு பூசலாம், அதில் இழிவில்லை. அதையும் தாயோ தந்தையோ, இஃது உடல் வளர்வதன் இயல்பு என்று பிள்ளையிடம் அமைதியாகச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும். அச் செய்தி பிள்ளைக்கு வகுப்பறைக் கேலியிலிருந்து முதலில் வரக் கூடாது.