செவ்வாய் இல்ல புதன்



மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "கூட்டம் செவ்வாய் இல்ல புதன்." படிப்பவர்களில் சிலர், செவ்வாய் கிடையாது, புதன்தான் என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு சிலர், இரண்டில் ஏதோ ஒரு நாள், இன்னும் முடிவாகவில்லை என்று இருந்துவிடுவார்கள். நம் பேச்சில் 'இல்ல' என்பதற்கு இந்த இரண்டு வேலையும் உண்டு. நேரில் சொன்னால் குழப்பம் வராது. 'இல்ல' என்று சொல்லிச் சற்று நிறுத்தினால் ஒரு பொருள், நிறுத்தாமல் போனால் இன்னொன்று. அந்த நிறுத்தத்தை எழுத்தில் காட்ட ஒரு காற்புள்ளி போதும்.

கைபேசியில் அவசரமாகத் தட்டுகிற செய்திக்கெல்லாம் இலக்கணம் எதற்கு, புரிந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதியவரிடம் திரும்பக் கேட்க முடிகிறவரை பிழை பெரிய விஷயமே இல்லை. கேட்க முடியாத இடத்துக்குச் செய்தி போய்விட்டால், ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு குறியும் கணக்கில் வந்துவிடும்.

எங்கள் திருப்புட்குழிக்கு இந்த விஷயத்தில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி, விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். ராமானுசர் இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டது இங்கேதான் என்பது வைணவ மரபு. சாந்தோக்கிய உபநிடதத்தில் இறைவனின் கண்ணைச் சொல்லும் இடத்தில் 'கப்யாசம்' என்று ஒரு சொல் வருகிறது. ஆசிரியர் அதைப் பிரித்த விதத்தில், குரங்கின் பின்புறம் அந்தக் கண்ணுக்கு உவமையாகிவிட்டது. மாணவர் கண்ணீர் விட்டாராம். அதே சொல்லை வேறுவிதமாகப் பிரித்து, கதிரவனால் மலர்ந்த தாமரை என்று பொருள் சொன்னாராம். குருவுக்கும் சீடருக்கும் மனம் விலகத் தொடங்கியது இப்படித்தான் என்கிறார்கள். இருவர் முன்னாலும் இருந்த எழுத்து ஒன்றே. சொன்னவரைத் தேடிப் போய், எங்கே பிரிக்க வேண்டும் என்று கேட்க இருவருக்கும் வழியில்லை.

பிற்காலத்தவர் திரும்பக் கேட்க வேண்டியிராதபடி தெளிவாக எழுதிவைத்ததற்கு, இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு சான்று கல்லிலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டுகள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919இல் ஒன்று, 921இல் ஒன்று. ஊர்ச்சபை வாரியத்துக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்ற விதிகள் அவை. முதல் ஏற்பாடு வந்து இரண்டே ஆண்டில் மீண்டும் கூடித் திருத்தி வெட்டினார்கள். 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, 35 முதல் 70 வரை என்றானது. கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்கக்கூடாது என்றார்கள். 'உறவினர்' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ளவும் இல்லை. சிற்றன்னை மக்கள், பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று ஒவ்வோர் உறவாக எழுதிவைத்தார்கள்.

அந்தக் கல்லில் இன்றைய நிறுத்தக்குறி எதுவும் கிடையாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குக்கூடப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓலைச்சுவடிகளும் அப்படித்தான். அவற்றைப் படித்துப் பதிப்பிக்க உ.வே. சாமிநாதையர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1887இல் சீவகசிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்குள், ஒரே சொல்லுக்கு எத்தனையோ சுவடிகளை ஒப்பிட வேண்டியிருந்தது.

குறியே இல்லாமல் அத்தனை நூற்றாண்டுகள் தமிழ் எப்படி ஓடியது? நம் இலக்கணமே அந்த வேலையைச் செய்தது. வினைமுற்று வந்தால் வாக்கியம் முடிந்தது. 'வந்தானா' என்பதில் உள்ள ஆகாரமே கேள்விக்குறி. 'அரிசியும் பருப்பும் உப்பும்' என்பதில் உள்ள உம்மையே காற்புள்ளி. 'என்றான்' என்றால் மேற்கோள் மூடியாகிவிட்டது. பிறகு அச்சு வந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டில் உரைநடைக்குக் குறிகளை இட்டுப் பழக்கினார்கள். அதுவரை பெரும்பகுதிச் சுமையைத் தாங்கியவை விகுதிகள்தான்.

இன்றைய செய்திகளில் நாம் கைவிடுவது அந்த விகுதிகளைத்தான். பேசுகிறபடியே எழுதுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் பேச்சில் குரல் செய்த வேலையை எழுத்தில் யார் செய்வது? குழுவின் ஊக்குநர், "இந்த மாசத் தவணை கட்டியாச்சு" என்று எழுதுகிறார். சொல்கிறாரா, கேட்கிறாரா? யாரோ கட்டிவிட்டார்கள் என்று எல்லோரும் சும்மா இருந்துவிட்டால் தவணை தவறிப்போகும். 'கட்டியாச்சா' என்று ஒரு காலை நீட்டியிருக்கலாம், அல்லது ஒரு கேள்விக்குறி போட்டிருக்கலாம். இரண்டில் ஒன்று வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டுப் புரியவில்லையா என்று கோபித்துக்கொள்ள முடியாது.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது சங்கடம் இன்னும் கூடுகிறது. மருத்துவமனைக்குப் போன உறவினரிடமிருந்து வரும் செய்தியில் முதல் சொல் நாலே எழுத்து: வி, ஏ, எல், ஐ. அடுத்த சொல் 'தெரியலை'. நோயாளிக்கு வலி தெரியவில்லையா, போனவருக்கு வழி தெரியவில்லையா?

இதெல்லாம்கூட ஒரு போனில் தீர்ந்துவிடும். தீராதது, கை மாறிப் போகிற செய்தி. "நாளைக்கு நம்ம ஊர் பள்ளிக்கூடத்துல கண் சிகிச்சை முகாம்." எழுதிய அன்று, எழுதிய ஊரில் இது முழுமையான செய்தி. மூன்று நாள் கழித்து இன்னொரு ஒன்றியத்தில் ஒரு பெரியவர் கைக்கு வரும்போது 'நாளை' எந்த நாள், 'நம்ம ஊர்' எந்த ஊர்? பேருந்து ஏறிப் போய் வெறும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். முகாம், கூட்டம், மருந்து, பணம், தண்ணீர் திறப்பு என்று ஊருக்குச் சொல்கிறவர்கள் தேதியும் கிழமையும் ஊர்ப் பெயரும் எழுதத்தான் வேண்டும். அனுப்புமுன் ஒரு தரம் வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். உத்திரமேரூரில் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தபோது, பெயர் எழுதிய ஓலைகள் இருந்த குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுத்த ஓலையை, ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் வாங்கி மத்தியஸ்தர் உரக்கப் படித்தார். அங்கிருந்த நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், அனைவரும் மறுபடி படித்தார்கள். அதற்குப் பிறகே அந்தப் பெயர் ஏற்கப்பட்டது.

மற்றபடி, 'கூறைப் புடவை' என்பதைக் 'கூரைப் புடவை' என்று ஒருவர் எழுதினால், காஞ்சிபுரத்துக்காரர் எவரும் ஓட்டைத் தேடிப் போகப்போவதில்லை. இடத்தைப் பார்த்தே பொருள் தெரிந்துவிடும். சந்தி எழுத்து விட்டுப்போன வாழ்த்துக்கும் வாழ்த்தின் மதிப்பு குறையாது.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஓர் அம்மா, எத்தனையோ வருடம் கழித்து, தன் விரலால் தமிழ் எழுதத் தொடங்குகிறார். "பால் பனம் வந்துச்சா" என்று எழுதுகிறார். உடனே படித்த பிள்ளைகள் சிரிக்கும் பொம்மையைப் போடுகிறார்கள். ஒருவர் மூன்று சுழி, இரண்டு சுழி என்று எல்லோர் முன்னாலும் பாடம் எடுக்கிறார். அந்த அம்மா மறுநாளிலிருந்து எழுதுவதில்லை. குரலைப் பதிவு செய்து அனுப்பிவிடுகிறார், அல்லது பேசாமலே இருந்துவிடுகிறார். ஒரு பெண் எழுதுவதையே நிறுத்திவிட்ட பிறகு, அந்தத் திருத்தத்தால் தமிழுக்கு என்ன கிடைத்தது?

பிழையைக் காட்ட வேண்டுமென்றால் தனியே சொல்லுங்கள். அதைவிட எளிதான வழியும் இருக்கிறது. "பணம் வெள்ளிக்கிழமை வருது, அக்கா" என்று பதிலை மட்டும் எழுதுங்கள். கேட்டதற்கு விடை கிடைத்துவிடும். சரியான எழுத்தும் அவர் கண்ணில் பட்டுவிடும்.