பல்லாவரத்தில் நாம் எத்தனை பேர்?

(யூபிலி விழாக் கருத்தரங்கில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் ஒரு குரு ஜனத்தொகையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் நினைக்கலாம். பொருந்தும். 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலிலேயே, பங்கிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் அதில் வாழ்வோரையும் எழுதி வைக்கும் ஏட்டிற்கு மாதிரி தரப்பட்டுள்ளது. 'ஆன்மாக்களின் நிலை' என்பது அந்த ஏட்டின் பெயர். அதில் முதல் வேலை வீடு வீடாக நடப்பதுதான்.

நம் ஊர் பழைய ஊர். 1863-இல் இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் இங்கேதான் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். பிற்காலத்தில் பட்டாளம் வந்தது. தோல் பதனிடும் தொழில் வந்தது. பக்கத்திலுள்ள குரோம்பேட்டைக்குப் பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததாகும். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஊரை மாற்றியதில் அந்த ரயிலுக்கு ஈடாக வேறெதையும் சொல்ல மாட்டேன்.

இனி எண்களுக்கு வருவோம். 2001-இல் பல்லாவரம் நகராட்சியில் ஏறத்தாழ 1,44,000 பேர். 2011-இல் 2,15,417 பேர். பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதிப் பங்கு கூடிவிட்டது! அதே பத்தாண்டில் பழைய எல்லைக்குட்பட்ட சென்னை நகரம் சுமார் 7 சதவீதமே வளர்ந்தது. பிள்ளைப்பேறு இதற்குக் காரணமன்று. அக்காலத்திலேயே தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரியாக இரண்டு குழந்தைகள்கூட இல்லை. நகரத்து வாடகை தாங்காமல் வந்தவர்கள், தென் மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள், இவர்களாலேயே ஊர் பெருகியது. நம்முடைய திருமுழுக்கு ஏட்டைப் புரட்டினாலும் பெற்றோரின் சொந்த ஊர் என்ற இடத்தில் பல்லாவரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம் சத்தமின்றி நடக்கிறது. தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011-இல் நூற்றுக்கு 10.4 பேர். 2031-இல் 18.2 பேராவர் என்பது மத்திய அரசு அமைத்த நிபுணர் குழுவின் மதிப்பீடு. எனக்கு இந்தக் கணக்கு முதல் வெள்ளிக்கிழமைகளில் தெரிகிறது. நோயாளிகளுக்கு நன்மை கொண்டு போகும் வீடுகளின் பட்டியல் ஆண்டுதோறும் நீளுகிறது. மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, மகன் துபாயில், மகள் கனடாவில். அம்மா மட்டும் கதவைத் திறக்கிறார். திறப்பதற்கே ஐந்து நிமிடமாகிறது. மறைக்கல்வி வகுப்பிற்கு இடம் போதவில்லை என்று கவலைப்பட்ட பங்கு இது. இனி படியேற முடியாதவர்களுக்காகவும் கவலைப்பட வேண்டும்.

2021-இல் நடக்க வேண்டிய சென்சஸ் நடக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. 70 வார்டுகளும் 2011-ஆம் ஆண்டின் கணக்கை வைத்தே பிரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு வந்தவர்கள் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள், சாக்கடைக்கும் பங்களிக்கிறார்கள். ஏட்டில் மட்டும் இல்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டது என 2025-இல் அரசு அறிவித்துள்ளது. உண்மையில் இங்கே வாழ்கிறவரை இங்கே எழுதச் சொல்லுங்கள். வெளிநாட்டில் குடியேறிவிட்ட பிள்ளையின் பெயரைப் பாசத்தினால் சேர்க்காதீர்கள். மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் பையனின் பெயரை விடாதீர்கள்.

சமயம் என்ற கேள்வியில் சிலர் தயங்குகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால், அட்டவணைச் சாதியினர் என்ற உரிமை கிறிஸ்தவரான தலித் மக்களுக்கு இல்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை. படிப்பும் வேலையும் பறிபோகுமோ என்று அஞ்சும் ஏழைத் தகப்பனை நான் பீடத்திலிருந்து குறைசொல்ல மாட்டேன். ஆனால் நாம் எண்ணப்படாவிட்டால், இந்த அநீதி இத்தனை பேரைப் பாதிக்கிறது என்று எதைக் காட்டி வழக்காடுவது?

கடைசியாக, நம் சொந்த ஏட்டைப் பற்றி. ஞாயிறு மாலைத் திருப்பலியில் கடைசி வரிசையில் நிற்கும் ஜார்கண்ட், ஒடிசா இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். தமிழ் புரியாமலே முழந்தாளிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பங்குக் குடும்ப ஏட்டில் இல்லை. குடும்பம் இங்கே இல்லை என்பதால் விட்டிருக்கிறோம். யூபிலி முடிந்ததும் ஏட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கும். முதலில் கட்டட வேலைக்காரர்கள் தங்கியிருக்கும் கொட்டகைகளுக்குப் போகிறோம். என்னோடு வர இந்தி தெரிந்த இருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கோயில் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.