எவரெஸ்ட் உச்சியில் மணி 11.30



பிரிக்பீல்ட்ஸில், கடை வரிசையின் அஞ்சடியில் சிறிய கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரை எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போனால் அவரிடம் நாலு வார்த்தை பேசாமல் வருவதில்லை. ஒரு நாள் கிள்ளானிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், தங்க நிறத்தில் மின்னுகிற கடிகாரத்தைக் கழற்றி அவரிடம் நீட்டினார். “ஐயா, நின்னு போச்சு. இது சாதாரண சாமான் இல்லீங்க. எவரெஸ்ட் மலை ஏறினவங்க கட்டியிருந்த கடிகாரம்னு சொல்லித்தான் கொடுத்தாங்க” என்றார்.

பெரியவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பின்மூடியைத் திறந்தார். உள்ளே பொத்தான் அளவில் ஒரு பேட்டரியும், கொஞ்சம் பிளாஸ்டிக் சக்கரங்களுந்தான் இருந்தன. “தம்பி, இது மலை ஏறலே. பெட்டாலிங் ஸ்திரீட் மட்டும் போய் வந்திருக்கு. பேட்டரி மாத்தித் தர்றேன், நல்லா ஓடும்” என்றார். இளைஞரும் சிரித்துவிட்டார், நாங்களும் சிரித்தோம்.

ஆனால் அவர் சொன்ன சொல் எங்களை விடவில்லை. எவரெஸ்ட் ஏறினவர்கள் கையில் உண்மையில் என்ன கடிகாரம் இருந்தது? மனிதன் மூச்சு விடவே திணறுகிற இடத்தில் அதற்கு என்ன வேலை? இன்று அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறோம்.

1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் எட்மண்ட் ஹில்லாரியும் டென்சிங் நோர்கேயும் எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்தார்கள். ஹில்லாரி நியூசிலாந்துக்காரர், தேனீ வளர்ப்பது அவர் தொழில். டென்சிங், தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த டார்ஜிலிங்கில் குடியேறி, மலையேறிகளுக்குச் சுமை தூக்குபவராக 1935இல் எவரெஸ்ட் பக்கம் முதலில் போனவர். எழுத்தும் படிப்பும் அறியாதவர். எவரெஸ்ட்டுக்கு அது அவருடைய ஏழாவது பயணம். உச்சியை அடைந்ததும் ஹில்லாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 11.30.

அந்தக் கடிகாரத்தின் பெயரைச் சொல்வதில்தான் வாக்குவாதம். சுவிட்சர்லாந்தின் ரோலெக்ஸ் நிறுவனம் அந்தக் குழுவுக்குக் கடிகாரங்கள் கொடுத்திருந்தது. இங்கிலாந்தின் ஸ்மித்ஸ் நிறுவனமும் கொடுத்திருந்தது. வெற்றிக்குப் பிறகு இரண்டு நிறுவனங்களும் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தன. ரோலெக்ஸ் அதே ஆண்டில் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்ற பெயரில் ஒரு கடிகாரத்தையே வெளியிட்டது. எக்ஸ்ப்ளோரர் என்றால் புது இடம் தேடிப் போகிறவர் என்று பொருள். ஆனால் ஹில்லாரியோ, உச்சிக்குக் கொண்டு போனது ஸ்மித்ஸ் என்று அந்த நிறுவனத்தின் விளம்பரத்திலே சொல்லிவிட்டார்! ஆடம்பரமில்லாத, விலை குறைந்த, கையால் சாவி கொடுக்கிற கடிகாரம் அது. இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருக்குக் கொடுத்த ரோலெக்ஸ் சூரிச் நகரத்தில், கடிகாரங்களுக்கென்றே உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகத்தில் பாதிப் பேர் இன்னும் ரோலெக்ஸ் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விளம்பரத்தின் வலிமை அப்படி.

ரோலெக்ஸைக் குறைத்துச் சொல்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரும் தூசியும் புகாத கூட்டை 1926இலும், கை அசைவினாலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்கிற முறையை 1931இலும் கொண்டுவந்த நிறுவனம் அது. மலையில் இந்த இரண்டும் பெரிய உதவி. ஹில்லாரியும் டென்சிங்கும் கடைசிக் கூடாரத்தில் தங்கிய இரவில், விடியற்காலை 4 மணிக்குக் குளிர் சுழிக்குக் கீழே 27 டிகிரி. ஹில்லாரியின் காலணிகள் கல்லாய் உறைந்துவிட்டன. அடுப்பின் மேல் காட்டி இளக வைக்கவே 2 மணி நேரம் பிடித்தது. அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாவி திருகிக்கொண்டிருந்தால் விரல் விறைத்துப் போகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சாவிக் கடிகாரத்துக்குள்ளே ஒரு சின்னச் சக்கரம் இப்படியும் அப்படியும் ஊசலாடுகிறது. அந்தக் காலத்துக் கடிகாரங்களில் அது நொடிக்கு 5 முறை ‘டிக்’கென்று அடிக்கும். ஒரு நாளைக்கு 432,000 அடி! அத்தனை அடிக்கும் தேய்ந்து போகாமலிருக்க, கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெய் இடுவார்கள். கடுங்குளிரில் தேங்காய் எண்ணெய் உறைகிற மாதிரி அந்த எண்ணெய் கெட்டிப்பட்டால் சக்கரம் தடுமாறும். கடிகாரம் பிந்தும், அல்லது நின்றே போகும். அதனால் மலைக்குப் போகிற கடிகாரங்களுக்குக் குளிரில் இறுகாத எண்ணெயாகத் தேடிப் போட வேண்டும். பேட்டரிக் கடிகாரத்துக்கும் குளிர் ஆகாது, பேட்டரி சோர்ந்துவிடும்.

சரி, கடிகாரம் ஓடுகிறது. அதனால் என்ன? இங்கேதான் நம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் சிறுவர்களாகத் தோட்டத்தில் இருந்தபோது, நேரம் என்பது கிராணி அலுவலகத்துச் சுவரில் இருந்தது. பெரட்டுக்கு மணி அடித்தால் விடிந்தது என்று அர்த்தம். மரம் சீவுகிறவர்களுக்கு அந்த விடியற்காலைதான் எல்லாம். இரவின் குளுமையில் மரத்துக்குள்ளே நீரின் அழுத்தம் நிறைந்திருக்கும். வெட்டியதும் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் குறைந்து பாலும் குறையும். மழை வந்தாலோ மங்கில் இருக்கிற பாலெல்லாம் வழிந்து தரையோடு போய்விடும். வானம் கறுக்கும்போது எங்கள் தாயார் நிரையில் நின்று அண்ணாந்து பார்ப்பார். “இன்னும் 10 மரந்தானே, சீவி முடித்துவிடலாம்” என்று ஆசை ஒரு பக்கம். “இப்போதே ஓடிப் போய்ச் சீவின மரத்துப் பாலை எடுத்தால்தான் உண்டு” என்று கணக்கு ஒரு பக்கம். ஆசைக்கு இடம் கொடுத்த நாளில் வெறும் வாளியோடு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்ததை நாங்களே பார்த்திருக்கிறோம். அந்த 10 மரத்தின் கணக்கைத்தான் எவரெஸ்ட்டிலும் போட வேண்டியிருக்கிறது. அங்கே போவது பால் அல்ல, உயிர்.

ஹில்லாரி போட்ட கணக்கைப் பாருங்கள். காலை 6.30க்குக் கூடாரத்தை விட்டுப் புறப்பட்டு, 9 மணிக்குத் தென் சிகரம் என்ற இடத்தை அடைந்தார்கள். அங்கிருந்து உச்சிக்கு உயரம் ஏறக்குறைய 100 மீட்டர்தான். ஆளுக்கு ஒரு முழு உருளை பிராணவாயு மிச்சம். அதில் 800 லிட்டர். நிமிடத்துக்கு 3 லிட்டர் செலவழித்தால் சுமார் நாலரை மணி நேரம் வரும். அதாவது பகல் 1.30 வரை. அதற்குள் உச்சிக்குப் போய், அதே வழியில் கீழே இறங்கியாக வேண்டும். உருளையில் இருக்கிற வாயு கண்ணுக்குத் தெரியாது. அந்த உயரத்தில் மூளையும் மந்தமாகிவிடும். பத்து நிமிடம் போனதா ஒரு மணி போனதா என்று மனம் சரியாகச் சொல்லாது. கடிகாரம் சொல்லும். அதனால்தான் 11.30க்கு உச்சியை அடைந்தவர்கள், ஆயுள் முழுவதும் ஆசைப்பட்ட இடத்தில் சுமார் 15 நிமிடமே நின்றார்கள். படம் எடுத்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், இறங்கிவிட்டார்கள்.

எங்களுக்கு இவர்களை விடவும் மனத்தில் நிற்பவர்கள் வேறு இருவர். இதற்கு மூன்று நாள் முன்பு, மே 26ஆம் நாள், அதே குழுவைச் சேர்ந்த சார்லஸ் எவன்ஸ் என்ற மருத்துவரும் டாம் போர்டிலன் என்ற விஞ்ஞானியும் அந்தத் தென் சிகரம் வரை போனார்கள். அதுவரை மனிதன் கால் படாத உயரம் அது. ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பகல் 1 ஆகிவிட்டது. உச்சி எதிரே தெரிகிறது. 100 மீட்டர்! போனால் உலகத்தில் முதல் மனிதர்கள் என்ற பெயர். போர்டிலனுக்குத் திரும்ப மனமில்லை. எவன்ஸ் நேரத்தையும் பிராணவாயுவையும் கணக்குப் பார்த்து, வேண்டாம் என்றார். திரும்பினார்கள். அவர்கள் ஏறும் வழியில் வைத்துவிட்டு வந்த இரண்டு உருளைகளில் கொஞ்சம் பிராணவாயு மிஞ்சியிருந்தது. ஹில்லாரியும் டென்சிங்கும் இறங்கி வர அது உதவிற்று. அந்த இருவர் பெயரில் எந்த நிறுவனமும் கடிகாரம் விற்கவில்லை.

அந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும் என்பதை 1996 மே 10ஆம் நாள் உலகம் கண்டது. பிற்பகல் 2 மணிக்கு மேல் யாரும் மேலே போகக் கூடாது என்ற பேச்சு ஏறினவர்களிடையே இருந்தது. வழியில் நெரிசல்; கயிறு கட்டுவதில் தாமதம். முற்பகல் 11.30 அளவில் மூன்று பேர் நேரம் பார்த்து, இது நடக்காது என்று பாதியிலேயே திரும்பினார்கள், பிழைத்தார்கள். ஆம், டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியில் நின்ற அதே 11.30! மற்றவர்களில் சிலர் 2 மணி தாண்டியும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 4 மணி அளவில் உச்சியை அடைந்தவரும் உண்டு. மாலையில் பனிப்புயல் சூழ்ந்தது. மறுநாளுக்குள் 8 பேர் மாண்டார்கள். ராப் ஹால், ஸ்காட் பிஷர் என்ற அனுபவம் மிக்க குழுத் தலைவர்கள் இருவரும் அதில் அடக்கம். நல்ல கடிகாரம் இல்லாத குறையினால் நேர்ந்ததல்ல அது.

இவ்வளவும் நடந்து முடிந்த மறு ஆண்டில்தான் நம் நாட்டுக் குழு எவரெஸ்ட்டுக்குப் போயிற்று. நேப்பாளப் பக்கம், டென்சிங் போன அதே தென் கணவாய் வழி. 1997 மே 23ஆம் நாள் எம். மகேந்திரன் உச்சியை அடைந்தார், அடுத்து என். மோகனதாஸ் அடைந்தார். எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் மலேசியர்கள் இந்த இருவர். நம் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் போலவே இருக்கிற பெயர்கள் அல்லவா? அன்று வீடுதோறும் அந்தப் பேச்சாகத்தான் இருந்தது.

நேப்பாளத்தின் நேரம் நமக்கு 2 மணி 15 நிமிடம் பின்னால். இந்தக் கால் மணிக் கணக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். நாமும் அரை மணிக் கணக்கில் வாழ்ந்தவர்கள்தாம். 1982 ஜனவரி முதல் நாள்தான் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். சூரியனுக்கு அந்தச் சுற்றறிக்கை போகவில்லை. மரம் சீவப் போனவர்கள் இன்னும் அரை மணி இருட்டில் நடந்தார்கள்! அந்தக் கணக்குப்படி, எவரெஸ்ட்டில் நண்பகல் என்றால் கோலாலம்பூரில், சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்து மணிக்கூண்டில், 2.15. பால் வெட்டுகிறவர்கள் பாலை நிறுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிற நேரம் அது. மேலே நின்றவர்களுக்கோ பாதி வேலைதான் முடிந்திருந்தது. மகேந்திரனும் மோகனதாஸும் இறங்கி வந்தார்கள்.